உங்களுக்குத் தெரியுமா? கைகாட்டிகளை ஆட்டிவைத்த லீவர் வரிசை

பழைய ரயில் நிலையங்களின் இரு முனையிலும் மாடிக் கேபின்கள் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். ஜன்னல் வழியே பார்த்தால் மார்பளவு உயரத்தில் இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்கு லீவர் ஃபிரேம் என்று பெயர். அது நமக்கு வந்தது பிரிட்டனிலிருந்து. அங்கே கேபின்கள் மூடப்பட்டுவரும் காலத்தில், கழற்றப்பட்ட ஃபிரேம்களை மீட்டு, துரு நீக்கி, மறுபடி இயங்க வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். சிலர் வீட்டுக் கொட்டகையில் நாலைந்து லீவர்களோடு செய்கிறார்கள், சிலர் குழுவாகச் சேர்ந்து கேபினையே மீட்கிறார்கள். அந்த உலகத்திலிருந்து சில செய்திகள்.

★ ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், ரயிலை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்டுக்கு ஒருவர், சிக்னலுக்கு ஒருவர் என்று ஆங்காங்கே நின்று கையால் இயக்கினார்கள். பாயிண்ட் ஒரு பக்கம் திரும்பியிருக்க, சிக்னல் வேறு பக்கத்துக்கு வழிவிடுவதைத் தடுக்க எதுவும் இல்லை. 1843-ல் சார்லஸ் ஹட்டன் கிரிகரி, லண்டன் பிரிக்லேயர்ஸ் ஆர்ம்ஸ் சந்திப்பில் சிக்னல் கம்பிகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, காலால் மிதித்து இயக்கும்படி அமைத்தார். முரணான இரண்டு சிக்னல்களை ஒரே நேரத்தில் வழிவிடும்படி இறக்க முடியாது என்ற பாதுகாப்பு அதில் இருந்தது. பாயிண்ட் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை.

★ பிரிட்டனில் பாயிண்டையும் சிக்னலையும் முதலில் பிணைத்தவர் (இந்தப் பிணைப்புக்கு இன்டர்லாக்கிங் என்று பெயர்) தச்சுத் தொழில் கற்ற ஒருவர். பிரைட்டனில் 1821-ல் பிறந்த ஜான் சாக்ஸ்பி, ரயில்வே ஊழியராக இருந்தபோது 1856-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவருடைய முதல் அமைப்பில் பாயிண்டும் சிக்னலும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. பாயிண்ட் முழுமையாகத் திரும்பிய பிறகே சிக்னல் அசையலாம் என்ற வரிசைமுறையை 1860-ல் லண்டன் கென்டிஷ் டவுன் சந்திப்பில் ஆஸ்டின் சேம்பர்ஸ் கொண்டுவந்தார். இன்றைய கணினி இன்டர்லாக்கிங் வரை அதே விதிதான் தொடர்கிறது. சாக்ஸ்பி பின்னர் ஃபார்மர் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து லண்டன் கில்பர்னில் தொழிற்சாலை நடத்தினார். பிரான்சில் கிரெய் நகரிலும் ஒன்று தொடங்கினார். கொல்கத்தாவிலும் அவர்கள் பெயரில் சிக்னல் தொழிற்சாலை இயங்கியது.

★ 1889 ஜூன் 12. அயர்லாந்தின் ஆர்மா அருகே ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சுற்றுலா ரயில் ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. இரண்டாகப் பிரித்து முன்பாதியை மட்டும் இழுக்க முயன்றபோது, பின்பாதி சரிவில் உருண்டு அடுத்து வந்த ரயிலில் மோதியது. 80 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பயணிகள் ரயில் ஓடும் எல்லாப் பாதையிலும் மூன்று கட்டாயம்: ஒரு பகுதியில் ஒரே ரயில், பாயிண்டுக்கும் சிக்னலுக்கும் இன்டர்லாக்கிங், ரயில் நெடுகிலும் தானியங்கி பிரேக். அதன் பின்புதான் சின்னஞ்சிறு கிராம நிலையத்துக்கும் லீவர் ஃபிரேம் போய்ச் சேர்ந்தது. இன்று ஒரு கொட்டகையில் எண்ணெய் போட்டு வைத்திருக்கும் ஐந்து லீவர் ஃபிரேமுக்குப் பின்னாலும் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள். இதை வெறும் பழைய இரும்பு என்று என்னால் பார்க்க முடியாததற்கு அதுவே காரணம்.

★ லீவர்களின் நிறம் அழகுக்காக அல்ல. பிரிட்டனில் சிவப்பு என்றால் நிறுத்தும் சிக்னல். மஞ்சள், முன்கூட்டி எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னல். கறுப்பு, பாயிண்ட். நீலம், பாயிண்ட் நகராதபடி தாழ் போடும் லாக். பழுப்பு, லெவல் கிராசிங் கேட்டின் பூட்டு. வெள்ளை, வேலையில்லாத லீவர். கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருந்தால், ஆபத்தில் தண்டவாளத்தின்மேல் வெடி வைக்கும் லீவர். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும், சத்தம் கேட்டு டிரைவர் நிறுத்துவார்.

★ ஃபிரேமை மீட்பவர் எடுக்கவேண்டிய முதல் முடிவு, எந்த ஆண்டுக்கு அதைத் திருப்புவது என்பது. டிஸ்டன்ட் சிக்னலின் கை ஒரு காலத்தில் சிவப்பாகத்தான் இருந்தது. 1920-களில்தான் மஞ்சளாக மாறத் தொடங்கியது. அதற்கு முன் அதன் லீவர் பச்சை. ஆகவே 1905-ஆம் ஆண்டு ஃபிரேம் என்று பலகை வைத்துவிட்டு மஞ்சள் லீவர் வைத்தால் அது தப்பு. பெயின்டைக் கவனமாகச் சுரண்டினால் அடுக்கடுக்காகப் பழைய நிறங்கள் வெளிவரும். அவற்றைப் படமெடுத்துக் குறித்துக்கொண்ட பிறகே முழுதாக நீக்குவது நல்ல மீட்பாளரின் வழக்கம்.

★ அந்தப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் தூசி நுரையீரலுக்குப் போகும். நனைத்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

★ லீவர் கண்ணுக்குத் தெரிகிற பாதிதான். ஃபிரேமின் மூளை பெரும்பாலும் லீவர்கள் நிற்கும் மாடித் தளத்துக்குக் கீழே இருக்கும். அந்த அறைக்கு லாக்கிங் ரூம் என்று பெயர். அங்கே ஒவ்வொரு லீவரோடும் தட்டையான எஃகுப் பட்டை ஒன்று இணைந்திருக்கும். அதுதான் டாப்பெட். ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1870-ல் காப்புரிமை பெற்ற முறை இது.

கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் எளிமையாக இருக்கும். பட்டையின் ஓரத்தில் சரிவாக வெட்டிய பள்ளம் ஒன்று. அதற்குள் சிறு எஃகுக் கட்டை ஒன்றின் முனை பொருந்தி உட்கார்ந்திருக்கும். லீவரை இழுத்தால் பட்டை நீளவாக்கில் நகரும். பள்ளத்தின் சரிவு கட்டையைப் பக்கவாட்டில் தள்ளும். தள்ளப்பட்ட கட்டை இன்னொரு லீவரின் பட்டையிலுள்ள பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான், அந்த இரண்டாவது லீவரை இனி அசைக்க முடியாது. அதை ஏற்கெனவே யாராவது இழுத்திருந்தால்? அதன் பள்ளம் இடம் மாறியிருக்கும், கட்டைக்குப் போக இடம் இருக்காது. கட்டை நகராது, பட்டை நகராது, முதல் லீவரும் நகராது. எவ்வளவு பலசாலி இழுத்தாலும் சரி. பக்கத்துப் பக்கத்து லீவர்கள்தான் இப்படிப் பிணைக்கப்பட வேண்டும் என்பதில்லை. இடையே நீளமான கம்பி கொடுத்து 3-ஆம் லீவரையும் 40-ஆம் லீவரையும் பிணைக்கலாம். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. ஆனால் இது முழுக்க முழுக்கத் தர்க்கம்.

★ இந்தப் பூட்டு எப்போதும் இருவழி. 2-ஆம் லீவர் 5-ஐப் பூட்டினால், 5-ஆம் லீவரும் 2-ஐப் பூட்டியே தீரும். ஒரே கட்டைதானே இரண்டு பட்டைக்கும் நடுவில் நகர்கிறது! அதனால் லாக்கிங் டேபிள் என்ற அட்டவணையில் ஒரு பக்கத்து விதியை வைத்தே மறுபக்கத்து விதியைச் சரிபார்க்கலாம். கழற்றப்பட்ட ஃபிரேமோடு அட்டவணை கிடைக்காவிட்டால், பட்டைகளின் பள்ளங்களை அளந்தே விதிகளை மறுபடி எழுதிவிட முடியும்.

★ 10 லீவர்களை முன்னே பின்னே மாற்றி மாற்றி வைத்தால் 1,024 நிலைகள் வரும். 20 லீவர் என்றால் 10,48,576. அவற்றில் ஆபத்தான எந்த நிலைக்கும் ஃபிரேமைக் கொண்டுபோக முடியாதபடி செய்வதுதான் அந்த எஃகுக் கட்டைகளின் வேலை. மீட்ட ஃபிரேமைச் சோதிப்பவர் முதலில் பார்ப்பது, நகரவேண்டிய லீவர் நகர்கிறதா என்பதை அல்ல. நகரக்கூடாத லீவர் நிஜமாகவே நகராமல் நிற்கிறதா என்பதைத்தான்.

★ லீவரில் பொருத்திய பெயர்த்தகட்டில் அதன் சொந்த எண்ணும் வேலையும் இருக்கும். பலவற்றில் அதோடு சில எண்கள் கூடுதலாக வரிசையில் பொறித்திருக்கும். இந்த லீவரை இழுக்குமுன் எந்தெந்த லீவர்களை இழுத்திருக்க வேண்டும் என்ற குறிப்பு அது. புதிதாகச் சேர்ந்த சிக்னல்மேன் அதைப் பார்த்தே வழி கண்டுபிடிப்பார்.

★ சிக்னல்மேன் கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். லீவரின் கைப்பிடி பெயின்ட் அடிக்காத, பளபளவென்று தீட்டிய வெறும் எஃகு. வெறுங்கையால் தொட்டால் வியர்வை பட்டுத் துருவேறும். இன்றும் பிரிட்டனின் பாரம்பரிய ரயில் கேபின்களில் பார்வையாளருக்கு லீவரைத் தொட அனுமதி கிடைத்தால், முதலில் கையில் கொடுப்பது அந்தத் துணியைத்தான்.

★ சிக்னலுக்குக் கம்பி போதும், இழுத்தால் மட்டும் போதுமே. பாயிண்டை இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். அதற்கு உருளைகளின்மேல் ஓடும் திடமான இரும்புத் தண்டு வேண்டும். கனமான தண்டு என்பதால் பயணிகள் ரயில் எதிர்கொள்ளும் பாயிண்டுகளுக்குத் தூர வரம்பு இருந்தது. 1925-ல் அது 350 கெஜம், அதாவது ஏறக்குறைய 320 மீட்டர்.

இங்கே வெயில் ஒரு எதிரி. 300 மீட்டர் எஃகுத் தண்டு 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். பாயிண்டின் நாக்கு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும் தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். லீவரை யாரும் தொடாமலே பாயிண்ட் திறந்துவிடும்! அதனால் தண்டின் நடுவில் அசையும் கையொன்றை வைத்து, அதற்கு அப்பால் தண்டின் இயக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள். முதல் பாதி ஒரு பக்கம் நீண்டால் இரண்டாம் பாதி எதிர்ப்பக்கம் நீளும், இரண்டும் கழிந்துபோகும். காம்பன்சேட்டர் என்று பெயர். ஃபிரேமை மீட்பவர்களில் பலர் இதைத் தேடிப்பிடித்துச் சேர்த்து வைப்பதில்லை. எனக்கு அது பெரிய குறை.

★ 1876 ஜனவரி 21, இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டன். கடும் பனிப்பொழிவு. அக்காலக் கைகாட்டிகள் வழிவிடும்போது கம்பத்தின் நடுவிலுள்ள பிளவுக்குள் இறங்கி மறைந்துகொள்ளும். பிளவுக்குள் பனி உறைந்து கை மேலே வர மறுத்தது. கேபினில் லீவரை ஆபத்து நிலைக்குத் திரும்ப வைத்த பிறகும், வெளியே சிக்னல் வழிவிட்டே நின்றது. எக்ஸ்பிரஸ் ரயில் சரக்கு ரயிலில் மோதியது, எதிரே வந்த இன்னொரு எக்ஸ்பிரஸ் இடிபாடுகளில் மோதியது. அதற்குப் பிறகு, கைகாட்டி இயல்பாக வழிவிட்டே நிற்பது என்ற அக்கால வழக்கம் ஒழிந்து, ஆபத்து நிலையே கைகாட்டியின் இயல்பு நிலையானது.

★ லீவர்மேல் மாட்டும் ஒரு சாதாரண வளையம் 200 உயிர்களுக்கு மேல் காப்பாற்றியிருக்கும். லைனில் ரயில் நிற்கிறது என்பதை மறக்காமலிருக்க, அந்த லைனுக்கான சிக்னல் லீவரில் காலர் எனப்படும் வளையத்தை மாட்ட வேண்டும். மாட்டினால் லீவரை இழுக்க முடியாது. 1915 மே 22 அன்று ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில் கேபினில் அதை மாட்டவில்லை. எதிர்லைனில் ஓர் உள்ளூர் ரயில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பணிமாற்றத்துக்கு வந்த சிக்னல்மேன் அதே ரயிலில்தான் வந்து இறங்கினார், ஆனாலும் அதை மறந்துவிட்டார். படைவீரர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு வழிவிட்டார். பிரிட்டனின் மிக மோசமான ரயில் விபத்து அது. ஃபிரேம் வாங்குபவர்கள் காலர்களையும் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

★ எல்லா ஃபிரேமும் ஒன்றல்ல. லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் லீவரில் பிடியை அங்கவடி போன்ற வளையமாக அமைத்திருப்பார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ரெடிங்கில் தன் சொந்தத் தொழிற்சாலையில் செய்தது. மெக்கன்சி அண்ட் ஹாலண்ட், வூஸ்டர் நகரத்தது. ரயில்வே சிக்னல் கம்பெனி, லிவர்பூல் ஃபசாகர்லியில் இருந்தது. லீவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அங்குலக் கணக்கில் அளந்தே எந்த வகை என்று அனுபவசாலிகள் ஓரளவு சொல்லிவிடுவார்கள்.

★ கழற்றுமுன் எண் போடு. இந்தப் பொழுதுபோக்கின் பாலபாடம் இதுதான். லாக்கிங் ஃபிட்டர் என்ற தனித் தொழிலாளி ஒவ்வொரு கட்டையையும் அந்தந்த இடத்துக்கு அரத்தால் ராவிப் பொருத்தியிருப்பார். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இடம் மாறினால் இறுகிக்கொள்ளும், அல்லது தளர்ந்து பூட்டாமல் விட்டுவிடும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் லீவர் லகுவாக ஓடுவதைப் பார்த்து வேலை நன்றாக முடிந்தது என்று நினைக்கத் தோன்றும்.

துரு பிடித்து இறுகிய இடத்தில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. ஃபிரேமின் தாங்கிகள் வார்ப்பிரும்பு, வளையாது, உடையும். ஒரே இடத்தில் நெருப்பு காட்டினாலும் விரிசல் விடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் பொறுத்திருப்பதே வழி. சிறு பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த நீரில் மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தித் துரு நீக்கலாம். மறுமுனைக்குச் சாதாரண இரும்பு மட்டுமே வைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகை வைத்தால் நச்சான குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். டாப்பெட்டுகளுக்குக் கெட்டியான கிரீஸ் வேண்டாம். தூசி ஒட்டி அரைத்துவிடும். மெல்லிய எண்ணெய் போதும்.

★ லீவர் மட்டும் இருந்தால் கேபின் ஊமை. பக்கத்துக் கேபினோடு பேசியது மணி. ஒரு தட்டு, கவனி. மூன்று தட்டி நிறுத்தி ஒன்று தட்டினால், எல்லா நிலையத்திலும் நிற்கும் பயணிகள் ரயிலுக்கு வழி உண்டா என்ற கேள்வி. விடாமல் நான்கு, எக்ஸ்பிரஸ். இரண்டு, ரயில் உன் பகுதிக்குள் வருகிறது. இரண்டும் ஒன்றும், ரயில் கடந்துவிட்டது. தொடர்ந்து ஆறு தட்டினால் ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து.

★ இன்றும் வேலை செய்யும் இயந்திரவகைக் கேபின்களில் உலகிலேயே பெரியது இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் இருக்கிறது. செவர்ன் பிரிட்ஜ் ஜங்ஷன் கேபின், 1903-ல் கட்டியது, 180 லீவர். பல லீவர்கள் இப்போது வெள்ளை பூசப்பட்டு ஓய்வில் நிற்கின்றன. அதையும் மிஞ்சியது யார்க் நகரின் லோகோமோட்டிவ் யார்டு கேபின், 295 லீவர். 1951-ல் அது போய்விட்டது.

★ எக்ஸெட்டர் வெஸ்ட் கேபின் 1985-ல் மூடப்பட்டது. ஆர்வலர்கள் அதைப் பிரித்தெடுத்து, நாட்டின் இன்னொரு பகுதியிலுள்ள க்ரூ பாரம்பரிய மையத்தில் மறுபடி கட்டினார்கள். 131 லீவர் ஃபிரேமும் வந்தது. வெளியே எக்ஸெட்டரின் தண்டவாளம் இல்லை. ஆனாலும் உள்ளே பழைய கால அட்டவணைப்படி மணி அடிக்கிறது, வராத ரயில்களுக்கு லீவர்கள் இழுபடுகின்றன, பூட்டுகள் முறைப்படி பூட்டுகின்றன. ஃபிரேம் மீட்பு என்றால் இதுதான் என்பேன்.

செயின்ட் ஆல்பன்ஸ் சவுத் கேபின் 1892-ஆம் ஆண்டுக் கட்டடம். 44 லீவர். பாழடைந்து கிடந்ததை உள்ளூர்க்காரர்கள் அறக்கட்டளை அமைத்து மீட்டு, பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார்கள். கிடர்மின்ஸ்டரிலோ செவர்ன் வேலி ரயில்வேயின் தொண்டர்கள் 1980-களில் புதிதாகவே ஒரு கேபின் கட்டி, பழைய பாணி 62 லீவர் ஃபிரேமை வைத்தார்கள். அங்கே அது பயணிகள் ரயிலை நிஜமாகவே இயக்குகிறது.

★ இடம் இல்லையே என்பவர்களுக்கு: யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் லாங்கஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வேயின் பயிற்சி மாதிரி இருக்கிறது. 1912-ல் மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தில் செய்தது. குட்டி ரயில், குட்டிப் பாதை, ஆனால் உண்மையான சிக்னல் விதிகள். 1995 வரை நிஜமான சிக்னல்மேன்கள் அதில்தான் பாடம் படித்தார்கள். மேசைமேல் வைக்கும் அளவில் டாப்பெட் ஃபிரேம் செய்து மாதிரி ரயிலை ஓட்டுபவர்களும் உண்டு.

★ ஒரு காலத்தில் பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட கேபின்கள் இருந்தன. 2013-ல் ஒரே மூச்சில் 26 கேபின்களைப் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் சேர்த்தார்கள். கட்டடம் தப்பினாலும் உள்ளே இருக்கும் ஃபிரேம் முழுசாகத் தப்புவது அரிது. ஒற்றை லீவர் ஒற்றை லீவராக ஏலத்தில் போய், வரவேற்பறை மூலையில் அலங்காரப் பொருளாக நிற்கிறது. ஒற்றை லீவர் எதையும் பூட்டாது, எதுவும் அதைப் பூட்டாது. அதை நான் மீட்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் ஊரிலும் பழைய கேபின்கள் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் ஒன்று கழற்றப்படுவது தெரிந்தால், ரயில்வேக்கோ அருங்காட்சியகத்துக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். லீவர்களை மட்டும் கேட்காதீர்கள். டாப்பெட்டுகள், லாக்கிங் டேபிள், பெயர்த்தகடுகள், காலர்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.